மிளகாய்க்கு எத்தனை அண்ணன் தம்பி?

2000-ஆம் ஆண்டு அஸ்ஸாம் மாநிலம் தேஜ்பூரில் இருக்கும் ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தின் விஞ்ஞானிகள் ஒரு சின்ன அறிக்கை வெளியிட்டார்கள். வடகிழக்கில் விளையும் ஒரு மிளகாயின் காரத்தை அளந்து பார்த்ததில் 8,55,000 ஸ்கோவில் அலகு வந்தது என்பதுதான் செய்தி. நாம் குழம்புக்குப் போடும் சாதாரண வற்றல் மிளகாய் பெரும்பாலும் சில பத்தாயிரங்களிலேயே நின்றுவிடும். அப்போது கின்னஸ் புத்தகத்தில் இருந்த அமெரிக்க மிளகாயின் கணக்கே 5,77,000 தான். அதனால் வெளிநாட்டில் பலர் இதை நம்பவில்லை.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பால் பாஸ்லண்ட் என்ற பேராசிரியரின் குழு அந்த விதையை வாங்கி வளர்த்து, காய்க்க வைத்து, தாங்களே அளந்தது. கிடைத்த எண் 10,01,304. உலகத்திலேயே முதன்முதலாகப் பத்து லட்சத்தைத் தாண்டிய மிளகாய்! அதுதான் 2007-ல் கின்னஸ் சாதனையாகச் செய்தித்தாள்களில் வந்த பூத் ஜொலோக்கியா. நாகாலாந்தில் நாகா மிர்ச்சி என்பார்கள். 2008-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

ஆனால் இந்தக் கட்டுரை காரத்தைப் பற்றியது அல்ல. அந்த இரண்டு அறிக்கைகளுக்கும் நடுவே இன்னொரு வித்தியாசம் இருந்தது. பத்திரிகைகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தேஜ்பூர்க்காரர்கள் அந்த மிளகாயை ஃப்ரூட்டசென்ஸ் என்ற இனத்தில் சேர்த்திருந்தார்கள். நியூ மெக்சிகோக்காரர்களோ டி.என்.ஏ. சோதனை செய்துவிட்டு, "இது சைனென்ஸ் இனம், ஆனால் ஃப்ரூட்டசென்ஸ் மரபணுவும் கொஞ்சம் கலந்திருக்கிறது" என்றார்கள். அதாவது எப்போதோ இரண்டு இனங்கள் தாமாகவே கலந்து பிறந்த பிள்ளை அது.

இரண்டு இனம் எப்படிக் கலக்கும்? அப்படியானால் மிளகாயில் மொத்தம் எத்தனை இனம்? யார் யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்விக்கு விடை தேட மனிதர்கள் 270 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கதைதான் இது.

பெயர் வைத்தவர்களின் குழப்பம்

மிளகாய், தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு, புகையிலை எல்லாம் ஒரே குடும்பம். கத்தரிக் குடும்பம் என்று சொல்வார்கள். அதற்குள் மிளகாய்க்குத் தனிக் கிளை, காப்சிகம் என்ற பேரினம். கடையில் நாம் 'காப்சிகம்' என்று கேட்டால் குடைமிளகாயைத் தருவார்கள். தாவரவியலில் காந்தாரி மிளகாயும் காப்சிகம்தான், குண்டு மிளகாயும் காப்சிகம்தான்.

உயிரினங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்த ஸ்வீடன்காரர் லின்னேயஸ், 1753-ல் மிளகாயில் இரண்டு இனங்களைப் பட்டியலிட்டார். ஆனுவம், ஃப்ரூட்டசென்ஸ். ஆனுவம் என்றால் ஒரு வருடப் பயிர், ஃப்ரூட்டசென்ஸ் என்றால் புதர் போன்றது என்று அர்த்தம். ஐரோப்பாவில் குளிர் வந்தால் மிளகாய்ச் செடி செத்துப்போகும், அதனால் அது ஒரு வருடப் பயிர் என்று நினைத்துவிட்டார்கள். உறைபனி இல்லாத ஊரில் அதே செடி பல வருடம் நிற்கும். 1767-ல் லின்னேயஸ் இன்னும் இரண்டு இனங்களைச் சேர்த்தார். அதில் ஒன்று பக்காட்டம்.

அடுத்து வந்தவர் வியன்னாவின் ஜாக்கின். 1776-ல் ஒரு மிளகாய்க்கு சைனென்ஸ் என்று பெயரிட்டார். சீனாவைச் சேர்ந்தது என்று பொருள். வேடிக்கை என்னவென்றால் அதற்கும் சீனாவுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. இத்தனைக்கும் ஜாக்கின் இளமையில் கரீபியன் தீவுகளில் பல ஆண்டுகள் செடி சேகரித்தவர். ஒரு முறை வைத்த பெயரை மாற்றுவது தாவரவியலில் சுலபமில்லை, அதனால் இன்றைக்கும் அது 'சீன' மிளகாய்தான். 1799-ல் ஸ்பெயினின் ரூயிஸ், பாவோன் இருவரும் பெரு நாட்டிலிருந்து பூபெசென்ஸ் என்ற இனத்தை விவரித்தார்கள். ரோமம் உடையது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு கணக்கு கட்டுக்குள் நிற்கவில்லை. மிளகாய்ப் பழத்தைப் பார்த்தாலே தெரியும், நீளம், குட்டை, உருண்டை, குடை, சிவப்பு, மஞ்சள் என்று எத்தனை விதம்! ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு இனப்பெயர் என்று ஆரம்பித்தால் முடியுமா? 1832-ல் ஃபிங்கர்ஹூத் என்ற ஜெர்மானியர் எழுதிய நூலில் 25 இனங்கள். 1898-ல் அமெரிக்காவின் ஐரிஷ் அத்தனையையும் தள்ளிவிட்டு மறுபடி இரண்டே இனம் என்றார். 1923-ல் பெய்லி என்ற புகழ்பெற்ற தோட்டக்கலை அறிஞர் ஒரு படி மேலே போய், எல்லாமே ஒரே இனம்தான் என்று முடித்துவிட்டார்.

ஆக 2, 4, 25, 2, 1. எந்தக் கணக்கப்பிள்ளையும் இப்படி ஒரு பேரேட்டை ஒப்புக்கொள்ள மாட்டார்.

பழத்தை விட்டு பூவைப் பார்த்தவர்கள்

குழப்பத்துக்குக் காரணம் எல்லோரும் பழத்தையே பார்த்ததுதான். விவசாயி விதைக்கு எடுத்து வைப்பது பழத்தைப் பார்த்துத்தான். அதனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் மாற்றிக்கொண்டே வந்தது பழத்தைத்தான். பூவை யாரும் கண்டுகொள்ளவில்லை, அது பெரிதாக மாறவில்லை. குடும்ப அடையாளம் அதில்தான் பத்திரமாக இருந்தது.

இதைப் பிடித்தவர்கள் இந்தியானா பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ஹெய்சரும் கலிஃபோர்னியாவின் பால் ஸ்மித்தும். 1953-ல் அவர்கள் எழுதிய கட்டுரையில் பயிரிடப்படும் மிளகாய் நான்கு இனம் என்றார்கள். 1957-ல் சைனென்ஸையும் தனியாகப் பிரித்து ஐந்து ஆக்கினார்கள். பூவை மட்டும் நம்பவில்லை, செடிகளை ஒன்றோடொன்று கலந்தும் பார்த்தார்கள். கலப்பில் பிறந்த விதை முளைக்கிறதா, முளைத்த செடி காய்க்கிறதா, அதன் மகரந்தம் நல்லதா என்று பார்த்தால் உறவு நெருக்கமா தூரமா என்று தெரிந்துவிடும். அந்த ஐந்து பேரும் இவர்கள்தான்:

ஆனுவம்: வெள்ளைப் பூ, பெரும்பாலும் கணுவுக்கு ஒன்று. நம் ஊர் சம்பா வற்றல், குண்டு மிளகாய், குண்டூர் மிளகாய், குடைமிளகாய், மெக்சிகோவின் ஹாலப்பீன்யோ, ஹங்கேரியின் பாப்ரிகா எல்லாம் இதுதான். உலகச் சந்தையில் பெரும்பங்கு இதற்கே.

ஃப்ரூட்டசென்ஸ்: பச்சை கலந்த வெள்ளைப் பூ. சிறிய காய், வானத்தைப் பார்த்து நிற்கும். டபாஸ்கோ சாஸ் செய்யும் மிளகாய் இந்த இனம்.

சைனென்ஸ்: ஒரே கணுவில் இரண்டு மூன்று பூ. காம்பும் காயும் சேரும் இடத்தில் இறுக்கிக் கட்டியது போல ஒரு வளையம் இருக்கும். ஹபநேரோ, ஸ்காட்ச் பானெட், இலங்கையில் நைமிரிஸ் என்று சொல்லும் மிளகாய், இவையெல்லாம் இதில் வரும். பூத் ஜொலோக்கியாவும் இங்கேதான்.

பக்காட்டம்: வெள்ளை இதழின் அடியில் மஞ்சள் புள்ளிகள். பெருவிலும் பொலிவியாவிலும் அன்றாடச் சமையலுக்கு இதுதான். அஹி அமரில்யோ என்ற மஞ்சள் மிளகாய் இல்லாமல் பெருக்காரர்களுக்குச் சமையல் ஓடாது.

பூபெசென்ஸ்: ஊதாப் பூ, கறுப்பு விதை, ரோமம் படர்ந்த இலை. ஆண்டீஸ் மலையின் குளிர்ந்த பகுதிகளில் ரொகோட்டோ என்று வளர்க்கிறார்கள். இதன் காட்டு வடிவம் இன்றுவரை எங்கும் கிடைத்ததில்லை, தோட்டத்தில் மட்டுமே உண்டு.

கலந்து பார்த்ததில் கிடைத்த விடை சுவாரசியமானது. முதல் மூன்றும் ஒன்றோடொன்று ஓரளவு கலக்கும். கூடப்பிறந்தவர்கள் மாதிரி. ஃப்ரூட்டசென்ஸும் சைனென்ஸும் அதிலும் நெருக்கம், இரண்டையும் தனித்தனி இனமாகப் பிரிக்கத்தான் வேண்டுமா என்ற விவாதமே நடந்திருக்கிறது. பூத் ஜொலோக்கியா பிறந்ததில் ஆச்சரியமே இல்லை. பக்காட்டம் ஒன்றுவிட்ட அண்ணன். கலக்க வைக்க ரொம்பப் பாடுபட வேண்டும். பூபெசென்ஸோ இந்த நால்வருடனும் ஒட்டுவதே இல்லை. அதற்கு நெருங்கிய சொந்தம் பொலிவியாவில் காடாக வளரும் ஊதாப்பூ மிளகாய்கள்தான்.

குரோமோசோமிலிருந்து டி.என்.ஏ. வரை

கலந்து பார்ப்பதற்கு வருடக்கணக்கில் ஆகும். நேராகச் செடியின் உள்ளே எட்டிப் பார்க்க முடியுமா?

இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பார்பரா பிக்கர்ஸ்கில் நுண்ணோக்கியில் குரோமோசோம்களைப் பார்த்தார். பயிரிடும் மிளகாய் எல்லாவற்றுக்கும் 12 ஜோடி. எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் வடிவம் ஒன்றல்ல. குரோமோசோமின் இடுப்பு சிலவற்றில் நடுவில் இருக்கும், சிலவற்றில் ஒரு முனைக்குத் தள்ளிப் போயிருக்கும். பயிரிடும் ஆனுவத்தில் அப்படித் தள்ளிப் போனவை பொதுவாக இரண்டு ஜோடி. காட்டில் வளரும் ஆனுவத்தில் பெரும்பாலும் ஒரு ஜோடிதான். இரண்டு ஜோடி இருந்த காட்டுச் செடிகள் மெக்சிகோவில் கிடைத்தன. அப்படியானால் நம் மிளகாயின் பாட்டி வீடு மெக்சிகோ! 1971-ல் அவர் வெளியிட்ட முடிவு இது.

1982-ல் அமெரிக்காவின் மெக்லியட், கட்மன், எஷ்பா மூவரும் வேறு வழியில் போனார்கள். ஒரே வேலையைச் செய்யும் என்சைம் ஒவ்வொரு இனத்திலும் லேசாக மாறியிருக்கும். அதை ஒரு பசையில் ஊற்றி மின்சாரம் பாய்ச்சினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரம் நகரும். அந்தத் தூரங்களை வைத்து உறவு மரம் வரைந்தார்கள். மிளகாய்ப் பேரினத்தின் தொட்டில் பொலிவியாவின் வறண்ட நடுத் தென்பகுதி, அங்கிருந்துதான் ஆண்டீஸுக்கும் அமேசானுக்கும் பரவியது என்பது அவர்கள் கருத்து. பல ஆண்டுகள் பாடப் புத்தகங்களில் இதுதான் இருந்தது.

அந்த விடையை மாற்றியது டி.என்.ஏ. 2016-ல் கரீசோ கார்சியாவும் கூட்டாளிகளும் 34 மிளகாய் இனங்களின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டார்கள். மொத்தம் பதினோரு கிளைகள் தெரிந்தன. தொட்டில் பொலிவியா அல்ல, தென் அமெரிக்காவின் மேற்கு, வடமேற்கு ஆண்டீஸ் ஓரம். அங்கிருந்து மிளகாய் அமேசான் படுகையைக் கடிகார முள் போலச் சுற்றியிருக்கிறது. பிரேசிலின் நடுப்பகுதிக்கும் தென்கிழக்குக்கும் போய், திரும்ப மேற்கே வந்து, கடைசியாக வடக்கே மத்திய அமெரிக்காவுக்கு ஏறியிருக்கிறது. இந்தப் பயணம் முழுக்க நடந்தது மனிதன் கால் வைப்பதற்கு வெகு காலம் முன்பு.

முதலில் பிரிந்த ஆண்டீஸ் கிளையில் காரமே கிடையாது. அவற்றுக்குக் குரோமோசோமும் 13 ஜோடி. ஆக, மிளகாய் என்றாலே காரம் என்பது பிற்காலச் சமாசாரம்.

காலக் கணக்கும் கிடைத்திருக்கிறது. 2014-ல் கொரிய, சீன விஞ்ஞானிகளின் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஆனுவத்தின் முழு மரபணுத்தொகுதியைப் படித்து வெளியிட்டன. தக்காளியைப் போல மூன்றரை மடங்கு பெரியது, ஆனால் மரபணுக்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட அதே 35,000 தான். மீதியெல்லாம் தம்மைத் தாமே நகல் எடுத்துப் பெருகிய துண்டுகள். 2017-ல் பக்காட்டமும் சைனென்ஸும் படிக்கப்பட்டன. தக்காளியும் மிளகாயும் பிரிந்து சுமார் 2 கோடி ஆண்டுகள். பக்காட்டம் பிரிந்து சுமார் 17 லட்சம் ஆண்டுகள். ஆனுவமும் சைனென்ஸும் பிரிந்து சுமார் 11 லட்சம் ஆண்டுகள்.

2022-ல் அர்ஜென்டினாவின் குளோரியா பார்போசா தலைமையில் ஒரு குழு மொத்த மிளகாய்ப் பேரினத்துக்கும் புதிய பதிவேடு எழுதியது. அதில் 43 இனங்கள். 2, 4, 25, 2, 1, 5 என்று அலைந்த கணக்கு இப்போதைக்கு அங்கே வந்து நிற்கிறது.

கதை இன்னும் முடியவில்லை என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் கிடைத்த பாறைப் படிமத்தில் மிளகாய்க்கே உரிய பல் வைத்த புல்லிவட்டம் தெரிவதை அங்கே படித்துக்கொண்டிருந்த ஓர் இளநிலை மாணவர் கவனித்தார். 2023-ல் வெளியான அந்த ஆய்வின்படி படிமத்தின் வயது சுமார் 5 கோடி ஆண்டுகள். அது இன்றைய மிளகாய் அல்ல, அந்த வம்சத்தின் பழைய உறவு. ஆனாலும் வம்சத்தின் வயதை நாம் குறைத்துப் போட்டுவிட்டோமோ என்ற சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது.

காரம் யாருக்காக?

இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு செடி காரத்தை ஏன் உண்டாக்க வேண்டும்? காப்சைசின் என்ற அந்தப் பொருள் மிளகாய் வம்சத்துக்கே உரிய தனிச் சரக்கு.

2001-ல் ட்யூக்ஸ்பரி, நப்ஹான் இருவரும் அரிசோனாவில் காட்டு மிளகாய்ச் செடிகளைக் கவனித்தார்கள். எலிகள் காரப் பழத்தைத் தொடவில்லை. காரமில்லாத மிளகாயைக் கொடுத்தபோது தின்றன, ஆனால் விதையை மென்று அழித்துவிட்டன. பறவைகளோ காரப் பழத்தை விழுங்கி விதையை முழுசாக வெளியேற்றின. பறவைக்குக் காரமே தெரியாது. ஏன் தெரியாது என்பதும் 2002-ல் விளங்கிவிட்டது. பாலூட்டிகளின் நரம்பில் சூட்டை உணரும் ஒரு வாசல் உண்டு. காப்சைசின் அதைத்தான் தட்டித் திறக்கிறது, அதனால்தான் வாய் 'எரிகிறது'. பறவையின் வாசல் காப்சைசினுக்குத் திறக்காது. அந்த வாசலை 1997-ல் கண்டுபிடித்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பொலிவியாவில் காட்டு மிளகாய் ஒன்றில் காரச் செடியும் காரமில்லாச் செடியும் பக்கத்துப் பக்கத்திலேயே வளர்கின்றன. 2008-ல் அங்கே நடந்த ஆய்வில், பூச்சி குத்திய ஓட்டை வழியாகப் பூஞ்சை புகுந்து விதையை அழிப்பதைக் காரம் தடுக்கிறது என்று தெரிந்தது. எலிக்கு வேலி, பூஞ்சைக்கு மருந்து, பறவைக்கு விருந்து.

சரி, குடைமிளகாய்க்கு மட்டும் காரம் எங்கே போனது? பன்1 என்று ஒரு மரபணு இருக்கிறது. ஆனுவத்தின் காரமில்லாத ரகங்களில் அந்த மரபணுவின் தலைப்பகுதியே ஒட்டுமொத்தமாகக் காணோம். 2005-ல் கண்டுபிடித்தார்கள். சைனென்ஸிலும் காரமில்லாத ரகம் உண்டு. அதில் அதே மரபணு வேறு இடத்தில் உடைந்திருக்கிறது. ஃப்ரூட்டசென்ஸில் இன்னொரு விதமாக உடைந்திருக்கிறது. தாத்தாவிடமிருந்து வந்த குறை என்றால் மூவரிடமும் ஒரே மாதிரி இருந்திருக்கும். மூன்று வீட்டிலும் தனித்தனியாக நடந்த விபத்து இது. மூன்று இடத்திலும் மனிதர்கள் அதை ரசித்து விதை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

காட்டிலிருந்து வீட்டுக்கு

அப்படிப் பார்த்தால் மிளகாயை மனிதன் பழக்கியதும் ஒரு முறை அல்ல. லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன உறவுகளை வெவ்வேறு மக்கள் வெவ்வேறு ஊரில் தனித்தனியாக வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். மெக்சிகோவில் ஆனுவம், அமேசான் தாழ்நிலத்தில் சைனென்ஸ், ஆண்டீஸ் பக்கம் பக்காட்டமும் பூபெசென்ஸும். ஒருவர் சொல்லி இன்னொருவர் செய்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது!

2007-ல் லிண்டா பெர்ரி குழு பழைய அம்மிக்கல், பானைத் துண்டுகளில் ஒட்டியிருந்த மாவுத்துகள்களை ஆராய்ந்தது. மிளகாய் மாவுத்துகளுக்குத் தனி வடிவம் உண்டு. பஹாமாஸிலிருந்து தெற்கு பெரு வரை ஏழு இடங்களில் அது கிடைத்தது. பழையது ஈக்வடாரில், சுமார் 6,100 ஆண்டுகள். கூடவே மக்காச்சோளமும் இருந்தது. அதாவது சோறும் குழம்பும் அப்போதே ஜோடி சேர்ந்துவிட்டன.

2014-ல் கிராஃப்ட், கெப்ட்ஸ் முதலியோர் ஆனுவத்தின் பிறந்த இடத்தைத் தேட ஒரு புது வழி பிடித்தார்கள். டி.என்.ஏ., அகழாய்வு, தட்பவெப்பக் கணக்கு ஆகிய மூன்றோடு மொழியியலையும் சேர்த்தார்கள். பழைய மொழிகளில் மிளகாய்க்குச் சொல் எங்கே முதலில் இருந்தது? சொல் இருந்தால் பொருளும் புழங்கியிருக்க வேண்டும் அல்லவா? சுமார் 6,500 ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்ட ஓட்டோமாங்கிய மூலமொழியில் அந்தச் சொல் இருந்திருக்கிறது. எல்லாச் சாட்சிகளையும் ஒன்றாக வைத்தபோது வந்த விடை மத்திய கிழக்கு மெக்சிகோ, பூவெப்லா, வஹாக்கா, வெராகுரூஸ் பக்கம். பிக்கர்ஸ்கில் குரோமோசோமைப் பார்த்துச் சொன்ன அதே நாடு.

மிளகு போல ஒரு காய்

1493-ல் கொலம்பஸ் திரும்பியபோது மிளகாய் ஸ்பெயினுக்கு வந்தது. அவர் தேடிப் போனது மிளகு. கிடைத்தது மிளகாய். ஏமாற்றத்தை மறைக்க அதையும் 'பெப்பர்' கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் இன்றும் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். தமிழும் அதே வேலையைச் செய்தது, ஆனால் சுத்தமாக: மிளகு + காய் = மிளகாய். இந்த ஒரு சொல்லே நம் ஊருக்கு யார் முதலில் வந்தார் என்று சாட்சி சொல்கிறது.

1498-ல் வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டை வந்தார், 1510-ல் கோவா போர்ச்சுகீசியர் கையில். அவர்கள் கப்பல் வழியே மிளகாய் இந்தியக் கரையில் இறங்கி வேர் பிடித்தது. எவ்வளவு வேகமாகப் பிடித்தது என்றால், 1542-ல் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற ஜெர்மானியர் தன் மூலிகை நூலில் அழகான மிளகாய்ப் படம் போட்டு 'கள்ளிக்கோட்டை மிளகு' என்று பெயர் எழுதினார். அமெரிக்காவிலிருந்து வந்து ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை, அதற்குள் அதை இந்தியச் செடி என்றே நம்பிவிட்டார்கள். ஜாக்கினின் 'சீன' மிளகாய்க்குத் தப்பான பெயர் வந்ததில் என்ன ஆச்சரியம்?

கப்பலில் ஏறியது யார் யார் என்பதுதான் இங்கே முக்கியம். ஆனுவம் பெருமளவில் வந்தது. ஃப்ரூட்டசென்ஸும் சைனென்ஸும் கூடவே கொஞ்சம் வந்தன. பக்காட்டமும் பூபெசென்ஸும் ஆண்டீஸ் பக்கமே தங்கிவிட்டன. காட்டு இனங்கள் ஒன்றுகூட அந்தக் கப்பலில் ஏறியதாகத் தெரியவில்லை. 43 பேர் கொண்ட குடும்பத்தில் கிட்டத்தட்ட மூன்றே பேர்தான் நம் வயலுக்கு வந்தார்கள். அந்த மூவரிலும் ஒருவர்தான் முக்கால்வாசி வேலை செய்கிறார்.

உறவு தெரிந்து என்ன லாபம்?

உலகிலேயே அதிகம் வற்றல் மிளகாய் விளைவிக்கும் நாடு இன்று இந்தியா. ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. மழையை நம்பி, கரிசல் நிலத்தில் மிளகாய் போடுகிற குடும்பங்களுக்கு வருடத்தில் பெரிய வரவு அதுதான். அந்த வரவை ஒரே வாரத்தில் அழிக்கக்கூடியது பழ அழுகல் நோய். செடியில் நன்றாக இருக்கும் பழத்தில் ஒரு வட்டப் புள்ளி விழும், பிறகு கறுத்து உள்ளே அமுங்கும், களத்தில் காயும்போது பக்கத்துப் பழத்துக்கும் பரவும். வியாபாரி அந்த மூட்டைக்குக் கேட்கும் விலையைச் சொல்லவே வேண்டாம். 2021-ல் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் புதிய வகை இலைப்பேன் ஒன்று பூவிலேயே புகுந்து ஏக்கர் ஏக்கராக மிளகாயை அழித்தது. கடன் வாங்கி மருந்தடித்தும் பல விவசாயிகளுக்குக் கைக்கு எதுவும் மிஞ்சவில்லை.

ஆனுவத்துக்குள் பழ அழுகலைத் தாங்கும் நல்ல ரகம் கிடைப்பது அரிது. ஆனால் பக்காட்டத்தில் இருக்கிறது. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையத்தின் சேகரிப்பில் அப்படித் தாக்குப்பிடிக்கும் பக்காட்டச் செடிகள் உள்ளன. சைனென்ஸிலும் ஒன்று கிடைத்தது. இங்கேதான் குடும்ப மரம் வேலைக்கு வருகிறது. சைனென்ஸ் கூடப்பிறந்தவர், அதிலிருந்து ஆனுவத்துக்குக் குணத்தை மாற்றுவது ஒப்பீட்டளவில் எளிது. பக்காட்டம் ஒன்றுவிட்ட உறவு, கலந்தால் கரு பாதியில் இறந்துவிடும். அதைக் காய்க்குள்ளிருந்து எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் ஊட்டி வளர்க்க வேண்டும். இல்லையென்றால் இடையில் சைனென்ஸையோ ஃப்ரூட்டசென்ஸையோ பாலமாக வைத்து இரண்டு படியில் போக வேண்டும். பூபெசென்ஸ் என்றால் இந்த வழிகளும் கைகொடுப்பதில்லை. எந்த வழியில் போனால் எத்தனை வருடம் மிச்சமாகும் என்பதைச் சொல்வது 1953-ல் பூவைப் பார்த்துத் தொடங்கிய அந்தக் கணக்குதான்.

அந்தக் கணக்கிலும் தணிக்கை தேவைப்பட்டது. 2021-ல் பத்து விதை வங்கிகளில் இருந்த 10,038 மிளகாய் மாதிரிகளின் டி.என்.ஏ.வை ஒரே நேரத்தில் பரிசோதித்தார்கள். கிட்டங்கியில் சரக்கு எண்ணிப் பார்ப்பது போலத்தான். 1,618 மாதிரிகள் வெறும் நகல்கள்! ஒரே விதை வெவ்வேறு பெயரில், வெவ்வேறு நாட்டில், தனித்தனியாகப் பராமரிக்கப்பட்டிருந்தது. தப்பான இனத்தின் பெயர் ஒட்டியிருந்தவையும் அகப்பட்டன. பூத் ஜொலோக்கியாவுக்கு நடந்தது தனிக்கதை அல்ல என்று புரிகிறது இல்லையா?

விதை வங்கியில் இருப்பதற்கு ஒரு எண்ணாவது உண்டு. காட்டு இனங்களுக்கு அதுவும் முழுசாக இல்லை. பிரேசிலின் அட்லாண்டிக் கரையோரக் காட்டில் வேறெங்கும் இல்லாத மிளகாய் இனங்கள் வாழ்கின்றன. அந்தக் காட்டின் பெரும்பகுதியை வெட்டியாகிவிட்டது. மிச்சமிருக்கும் துண்டுகளில் எந்தச் செடி எந்த நோயைத் தாங்கும் என்று முழுசாகச் சோதித்துப் பார்க்க ஆளில்லை. பல இனங்கள் பெயர் எழுதப்பட்ட வேகத்திலேயே அருகிவரும் பட்டியலிலும் ஏறிவிட்டன.

ராமநாதபுரத்து விவசாயிக்குப் பிரேசில் காடு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியமில்லை. ஆனால் இன்னும் இருபது வருடம் கழித்து அவர் பிள்ளை விதைக்கப்போகும் ரகத்துக்கு வேண்டிய ஒரு மரபணு அங்கே ஒரு புதரில் இருக்கலாம். ஒரு பறவை அதன் பழத்தை விழுங்கி, விதையை அடுத்த மரத்தடியில் போட்டுவிட்டுப் போகும் வரைதான் அந்தக் கணக்கு வரவில் நிற்கும்.